பம்பாய் வழியில் ஒரு தூக்குப்போசி

கோயமுத்தூரிலிருந்து பம்பாய்வரை காரில் போவது, வழியில் எங்கெங்கே பில்லியர்ட்ஸ் மேசை இருக்கிறதோ அங்கெல்லாம் இறங்கி ஒரு ஆட்டம் ஆடுவது என்று நானும் செங்கோடனும் முடிவு செய்தோம். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்கள். வேண்டாம் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது.

இது 1936ஆம் வருஷம். மில்களுக்கு நூல் சுற்றும் பாபின்களை மரத்தில் கடைந்து கொடுக்கும் பட்டறை எனக்கு இருந்தது. துணிக்கூரை போட்ட பழைய கார் ஒன்றும், அம்புஜம் என்ற மனைவியும் இருந்தார்கள். கார் என் பேச்சைக் கேட்காது. அம்புஜம் கேட்பாள், கேட்டுவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வாள்.

செங்கோடன் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரக் கவுண்டர் வீட்டுப் பையன். கொப்பரை வியாபாரத்துக்காகக் கோயமுத்தூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். என்னைவிடப் பத்து வயது இளையவன், இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சாயங்காலமானால் இருவரும் நம்மவர்கள் நடத்திய சின்னக் கிளப்பில்தான் கிடப்போம். அங்கே இருந்த ஒரே மேசை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எப்படி அடித்தாலும் பந்து கடைசியில் கிழக்கு மூலைக் குழியைத் தேடிப் போகும். அந்தச் சாய்வை நாங்கள் மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். கிளப்பில் எங்களை யாரும் ஜெயித்ததில்லை.

ஒருநாள் ஆட்டம் முடிந்ததும் செங்கோடன் கோலைச் சுவரில் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டான். "ஏனுங்ணா, நாம நெசமாவே நல்லா ஆடறோமுங்களா, இல்ல இந்த மேசை கோணலா இருக்கறதுனால ஆடறோமுங்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்த பிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. அவன் கேட்டது நியாயம். நேரான மேசையில் ஆடிப் பார்த்தால்தானே தெரியும். அப்படிப் பிறந்ததுதான் பம்பாய்ப் பயணம்.

எங்கள் கார் கொட்டகையின் வெள்ளைச் சுவரில், கிளப்பில் கோல்முனைக்குத் தேய்த்துத் தேய்ந்துபோன நீலச் சாக்குக் கட்டியால் வழியை வரைந்தேன். சத்தியமங்கலம், திம்பம் மலை, மைசூர், பெங்களூர், ஹூப்ளி, பெல்காம், பூனா, பம்பாய். ஊட்டியை விட்டுவிட்டோம். அங்கே இருந்த வெள்ளைக்காரர் கிளப்பில் எங்களுக்குப் பந்து பொறுக்கும் வேலைகூடக் கொடுக்க மாட்டார்கள். பெங்களூர் கண்டோன்மெண்டில் காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் ஆடலாம், பம்பாயிலோ டீக்கடை மாதிரித் தெருவுக்குத் தெரு மேசை என்று சொன்னவர் நாகூர் மீரான். தோல் வியாபாரத்துக்காக அடிக்கடி வடக்கே போய்வருகிறவர். அவர் சொன்ன ஒவ்வொரு மேசைக்கும் சுவரில் ஒரு சின்னக் கட்டம் போட்டேன். காரின் பின் சீட்டு முழுக்கப் பெட்ரோல் டின்னுக்கு என்று ஒதுக்கி, காலி டின்களை இப்போதே அடுக்கியும் வைத்துவிட்டேன்.

அம்புஜம் காப்பி கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் சுவரைப் பார்ப்பாள்.

"மைசூர்ல என்னங்க பாப்பீங்க?"

"மேசை."

"பூனாவுல?"

"மேசை."

"பம்பாய்ல கடலு இருக்குதுல்லீங்க?"

"இருக்கும். கடல்ல மேசை கெடையாது," என்றேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பம்பாய்க்கு இடப்பக்கம் சுவர் வெறுமையாகத்தான் இருந்தது.

அவ்வளவு தூரம் போகும் முன் காரை ஒருநாள் ஓட்டிப் பார்க்க வேண்டும், ஒரு நேரான மேசையில் கையைப் பழக்கவும் வேண்டும் என்று நினைத்தோம். அதற்குத் தோதாக ஆனைமலையைத் தாண்டி ஒரு கிராமத்தில் அங்கப்பக் கவுண்டர் என்று ஒருவர் இருந்தார். மலையில் எஸ்டேட் வைத்திருந்த துரை ஒருவர் தேயிலை விலை விழுந்ததும் எல்லாவற்றையும் ஏலம் போட்டுவிட்டுச் சீமைக்குப் போனபோது, அவருடைய பில்லியர்ட்ஸ் மேசையை ஏலத்தில் எடுத்தவர் இவர். கல் பலகைகளைத் தனித்தனி வண்டியில் ஏற்றி, மாடு பூட்டி மலையிறக்கி, கடலைக்காய் மூட்டை அடுக்கும் கிடங்கைக் காலி செய்து அங்கே போட்டாராம். சுற்றுவட்டாரத்தில் அவரோடு ஆட ஆள் கிடையாது. வாங்க, எப்ப வேணும்னாலும் வாங்க என்று இரண்டு தடவை சொல்லியனுப்பிவிட்டார்.

அங்கேதான் ஒரு சிக்கல். அங்கப்பக் கவுண்டருக்குக் கல்யாணத்துக்கு நிற்கும் பெண் இருந்தாள். போன ஐப்பசியிலேயே உறவுக்காரர் ஒருவர் மூலமாகச் செங்கோடனின் அம்மாவிடம் பேச்சு வந்திருந்தது. அந்த அம்மாள் முடிவு உன் கையில் என்று மகனிடம் விட்டிருந்தார். மகனோ பம்பாய் போய்வந்த பிறகுதான் எதுவும் என்று இழுத்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆன முதல் வருஷம் ஒருவன் என்ன ஆவான் என்பது எனக்குத் தெரியும். விருந்துக்கு மேல் விருந்து, சொந்தக்காரர் வீடு வீடாகப் போக வேண்டும். அவன் தாலி கட்டினால் பம்பாயை மறந்துவிட வேண்டியதுதான்.

அதைவிடப் பெரிய கண்டம் ஒன்று உண்டு. பேச்சு நடக்கும் பெண்ணின் வீட்டில், முடிவாகும்வரை மாப்பிள்ளை கை நனைக்கக் கூடாது. அந்த வீட்டுச் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்மதம் என்று அர்த்தம். அதற்குமேல் யாரும் எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள், நாள் பார்க்கப் போய்விடுவார்கள். அதனால் செங்கோடன் அந்த வீட்டில் ஒரு பருக்கை தொடாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே ஏற்றுக்கொண்டேன். அம்புஜத்திடம் பெரிய தூக்குப்போசி நிறையப் புளிச்சோறு கட்டச் சொன்னேன். மத்தியானம் அவன் வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காருக்குப் பின்னால் போய் அதைச் சாப்பிட வேண்டும். நான் சாப்பிடுவதில் தோஷமில்லை. நான் நாயுடு, நாயுடு சாப்பிட்டால் அந்தக் கவுண்டர் வீட்டில் யாருக்கும் கல்யாணம் ஆகாது.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினோம். பொள்ளாச்சிச் சந்தைக்குப் போகும் மாட்டு வண்டிகளுக்கு நடுவில் என் கார் நின்று நின்று போனது. ஆனைமலை தாண்டியபோது வெயில் ஏறிவிட்டது. அங்கப்பக் கவுண்டர் வாசலிலேயே நின்றார். நல்ல உயரம், சிரித்த முகம், காவி ஏறிய பல். காரை மாமரத்து நிழலில் நிறுத்தினேன். பின் சீட்டில், காலி டின்களுக்கு நடுவில் தூக்குப்போசியைப் பத்திரமாகச் சாய்த்து வைத்தேன்.

"வாங்க, வாங்க. மொதல்ல பலகாரம் சாப்புடுங்க."

"வழியிலயே ஆச்சுங்க," என்றான் செங்கோடன்.

"மோராச்சுங் குடிங்க தம்பி."

"சளிங்க," என்றான். சொல்லி வைத்த மாதிரி ஒரு இருமலும் இருமினான். நான் மோரை வாங்கி இரண்டு டம்ளர் குடித்தேன்.

கிடங்குக்குள் நுழைந்ததும் நேராக மேசையிடம் போனோம். பச்சைத் துணி நேற்று விரித்தது போல இருந்தது. செங்கோடன் ஒரு பந்தை நடுவில் வைத்து விரலை எடுத்தான். பந்து வைத்த இடத்திலேயே நின்றது. அந்த மாதிரி ஒரு காட்சியை நாங்கள் அதுவரை கண்டதில்லை.

புள்ளிப் பலகையின் பக்கத்தில் ஒரு பெண் நின்றிருந்தாள். மகள் ராசாத்தாள் என்றார் கவுண்டர். எண்ணிச் சொல்ல ஆள் இல்லாததால் அவளுக்குச் சட்டமெல்லாம் சொல்லிக்கொடுத்து மார்க்கராக்கிவிட்டாராம். பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் காப்பித் தட்டோடு குனிந்து வருவாள் என்றுதான் நான் கண்டிருக்கிறேன். இவள் பலகையின் முள்ளை நகர்த்திக்கொண்டு, நாங்கள் கோலைப் பிடிக்கும் விதத்தைக் கவனித்தாள். எனக்கு இது சரியாகப் படவில்லை.

முதலில் நான் ஆடினேன். என்னைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. இல்லாத சாய்வுக்கு இடம் விட்டு அடித்து அடித்து, பந்தெல்லாம் குழிக்கு நாலு விரல் தள்ளிப் போய் நின்றது. செங்கோடனின் கேள்விக்கு என் விஷயத்தில் பதில் கிடைத்துவிட்டது. நான் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன்.

செங்கோடனும் முதலில் தடுமாறினான். பிறகு குனிந்து துணியோடு கண்ணை வைத்துப் பார்த்தான், எழுந்தான், மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். அதன்பின் அவன் அடித்த அடியெல்லாம் வேறு. சிவப்புப் பந்தைத் தொட்டு வெள்ளைக்குப் போவதும், பட்டுத் திரும்பிக் குழியில் விழுவதும் பார்க்கக் கண் குளிர்ந்தது. அவன் நிஜமாகவே ஆட்டக்காரன்தான் என்று தெரிந்தபோது எனக்குப் பெருமையும் பொறாமையும் சேர்ந்து வந்தன.

கவுண்டரும் லேசுப்பட்டவரல்ல. நூறுக்கு ஆட்டம். மத்தியானம் நெருங்கும்போது அவர் தொண்ணூற்றி ஏழில் இருந்தார், செங்கோடன் எண்பதில். கவுண்டர் மேசைமேல் படுத்த மாதிரிக் குனிந்து ஒரு நீண்ட அடி அடித்தார். சிவப்பு போய்க் குழியில் விழுந்தது. அவர் நிமிர்ந்து மீசையைத் தடவினார். பலகை முள் நகரவில்லை.

"போடு அம்மணி, மூணு."

"இல்லீங்கப்பா. உங்க சட்டைக்கை அந்த வெள்ளப் பந்தத் தொட்டுபோட்டுதுங்க. அடி செல்லாதுங்க."

"தொடுலயே கண்ணு."

"தொட்டுதுங்கப்பா. பந்து அசஞ்சுதுங்க. நாம் பாத்தேன்."

கவுண்டர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். செங்கோடனுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதுவும் தெரிந்திருக்காது. அவள் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் தெரியாது. அப்பா ஜெயித்திருப்பார், வந்தவர்கள் தோற்றுப் போயிருப்பார்கள், வீட்டுக்கும் கௌரவம். கவுண்டர் அந்த வெள்ளைப் பந்தைக் குனிந்து பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, "மார்க்கர் சொன்னா சரிதானுங்க," என்று கோலைக் கீழே வைத்தார். "சாப்ட்டுப்போட்டு மிச்சத்த ஆடலாமுங்க."

செங்கோடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா பார்க்கிறேன் என்று ஏதோ சொல்லிவிட்டு வெளியே போனான். கவுண்டர் வற்புறுத்தவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவர் வற்புறுத்தாத விதத்திலேயே தெரிந்தது. நான் இலையில் உட்கார்ந்து ஒரு பிடி பிடித்தேன். அரிசி பருப்புச் சோறு, மேலே உருக்கின நெய், கத்தரிக்காய், அப்பளம். கவுண்டரின் மனைவி வள்ளியாத்தாள் பக்கத்தில் நின்று பரிமாறினார். நண்பன் மரத்தடியில் ஆறிப்போன புளிச்சோறு தின்கிறானே என்று ஒரு வாய்க்குப் பரிதாபப்பட்டேன், அடுத்த வாய்க்கு மறந்துவிட்டேன்.

கை கழுவிவிட்டு மாமரத்தடிக்குப் போனேன். செங்கோடன் காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, போசியின் அடியை விரலால் வழித்துக்கொண்டிருந்தான். அவன் விரலில் நெய் மின்னியது. போசியின் ஓரத்தில் ஒட்டியிருந்த சோறு மஞ்சள் நிறமாக இருந்தது. அம்புஜம் கட்டிய புளிச்சோறு கறுத்துச் சிவந்திருக்கும், நிலக்கடலை போட்டிருப்பாள்.

நான் நேராக வீட்டின் பின்கட்டுக்குப் போனேன். வள்ளியாத்தாள் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, எங்க தூக்குப்போசி..."

"அதுங்களா? அந்த மாமரத்துல முசுறு எறும்பு சாஸ்திங்க. வண்டிக்குள்ள பூந்து சோறெல்லாம் எறும்பாப் போச்சு. கோழிக்குக் கொட்டிப்போட்டு, வெளக்கி வெச்சுட்டேனுங்க."

"சோறு இருந்துதே..."

"பாத்தரத்த வெறுமனே குடுக்கற வழக்கம் எங்க ஊட்டுல இல்லீங்க," என்றார் அந்த அம்மாள், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். எறும்பு நிஜமா, அல்லது எறும்புக்கு வள்ளியாத்தாள் வழி காட்டினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. மாமரத்தடியில் காரை நிறுத்தியது நான். போசியைக் கண்ணில் படும்படி வைத்ததும் நான்தான். காவலுக்கு வந்தவனே கதவைத் திறந்துவிட்டேன்.

நான் திரும்புவதற்குள் கவுண்டர் கிடங்கு வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டார். "வாங்க மாப்புள, ஆட்டம் பாதியில நிக்குதுங்க."

காலையிலிருந்து தம்பி, தம்பி என்றவர். ஒரு போசிச் சோற்றில் மாப்பிள்ளை ஆகிவிட்டான். நான் செங்கோடனின் கையைப் பிடித்து இழுத்துக் காரின் மறுபக்கம் கொண்டுபோனேன்.

"கண்ணு, மோசம் போயிட்டம். நீ தின்னது அம்புஜம் கட்டினது இல்ல. இவிய ஊட்டுச் சோறு. எனக்குத் தெரியாம மாத்திப்போட்டாங்க. இப்பவே சொல்லிப்போடலாம், தெரியாமத் தின்னா கணக்குல வராது."

அவன் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டான். "தெரியாமன்னு ஆருங்ணா சொன்னா? மொத வாய்க்கு முன்னாலயே தெரிஞ்சுதுங்."

"தெரிஞ்சா எதுக்குடா முழுங்குன?"

"மூடியத் தொறந்தவுடனே தெரிஞ்சுது. கொஞ்ச நேரம் அதைய வெச்சுட்டு ரோசன பண்ணுனேனுங்." அவன் கிடங்குப் பக்கம் பார்த்தான். "அப்பன் செயிக்கற ஆட்டத்துல அப்பனுக்கே தப்புச் சொல்லுச்சுங்ணா அந்தப் புள்ள. நாளைக்கு நாந் தப்புப் பண்ணுனாலும் எம்மூஞ்சிக்கு நேராச் சொல்லும். எனக்கு அது போதுமுங்."

"அப்ப பம்பாய்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பாவமாக இருந்தது. அத்தனை மாசம் சுவரில் கோடு போட்டவன் நான்.

அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனான். மிச்ச ஆட்டத்தில் தோற்றான். சின்னப் பிள்ளைகூடப் போடக்கூடிய பந்தைத் தவறவிட்டான், ஏனென்றால் அவன் கண் மேசையில் இல்லை, பலகைப் பக்கம் இருந்தது. கவுண்டர் நூறை எட்டினார். ராசாத்தாள் முள்ளைக் கடைசியில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முதல்முறையாகச் சிரித்தாள்.

செங்கோடன் கோலைத் துடைத்து வைத்தான். "மாமா, ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறனுங்க. இந்த அண்ணனும் நானும் பம்பாய் வரைக்கும் மேசை மேசையா ஆடிட்டுப் போறதுன்னு இருக்கறோம். கல்யாணம் ஆனாலும் அதைய உட முடியாதுங்க. இனி வார ஆட்டத்துக்கெல்லாம் நல்ல மார்க்கர் ஒருத்தர் வேணுமுங்க."

கவுண்டர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். "வண்டியில எடமிருக்குதுங்களாண்ணா?"

"பின் சீட்டு முழுக்கப் பெட்ரோல் டின்னு," என்றேன், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"டின்ன வெளிய, கதவுக்குக் கீழ இருக்கற படிமேல வெச்சுக் கட்டிக்கலாமுல்லீங்க?" என்றாள் அந்தப் பெண்.

இத்தனை மாசத்தில் எனக்கு அது தோன்றவில்லை. எரிச்சலாக இருந்தது. பம்பாய் கை நழுவிப் போய்விடவில்லை என்பது மெல்ல மெல்லத்தான் எனக்கு உறைத்தது. உறைத்ததும் நானும் சிரித்துவிட்டேன்.

கிளம்பும்போது வள்ளியாத்தாள் போசியை மறுபடி நிரப்பிக் கொடுத்தார். வழி நெடுகச் செங்கோடன் ஏதோ முனகலாகப் பாடிக்கொண்டு வந்தான். அவனுக்குப் பாட வராது.

பொழுது சாயும் நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்தேன். அம்புஜம் போசியை வாங்கிக்கொண்டாள். கனத்தைப் பார்த்து மூடியைத் திறந்தாள். உள்ளே வெல்லம் போட்டுச் சுட்ட கச்சாயம், நெய் மணத்தோடு. அவள் ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கேட்டாள்.

"பொண்ணு பேரென்னங்க?"

"ராசாத்தாள்," என்றேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். பந்து நின்றதையும், சட்டைக்கை தொட்டதையும், எறும்பையும். அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்தப் பெண் மார்க்கராகப் பம்பாய்க்கு வருகிறாள், டின்னை வெளியே கட்டச் சொல்லிவிட்டாள் என்று முடித்தேன்.

அம்புஜம் சிரிப்பை நிறுத்தினாள். போசியின் மூடியை இரண்டு தடவை திறந்து மூடினாள்.

"அப்படீன்னா பின் சீட்டுல அந்தப் புள்ள ஒருத்தி மட்டுமா?" என்றாள். "தொணைக்கு ஆரும் வேண்டாமுங்களா?"

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவள் என்னிடம் எங்கேயும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை, கேட்கத்தான் செய்தாள். நான் விளக்கை எடுத்துக்கொண்டு கார் கொட்டகைக்குப் போனேன். பின் சீட்டில் இருந்த டின்களை ஒவ்வொன்றாக இறக்கி, காரின் படிமேல் வைத்துக் கயிறு போட்டுக் கட்டிப் பார்த்தேன். நன்றாகவே நின்றன. சீட்டைத் துணியால் தட்டித் துடைத்தேன்.

அம்புஜம் கொட்டகை வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பையிலிருந்த நீலச் சாக்குக் கட்டியை எடுத்தேன். பம்பாய்க்கு இடப்பக்கம் வெறுமையாக விட்ட இடத்தில், சுவரின் மூலைவரைக்கும் அலை அலையாகக் கோடு இழுத்தேன்.

"கடலுக்கு எத்தன நாளுங்க?" என்று கேட்டாள்.

"நீ சொல்லு," என்றேன்.